ஒளியையும் நீர்த்துளியையும் ஆராய்ந்த அறிஞர் தாமஸ் யங்

மழை ஓய்ந்த காலை வேளையில் கொல்லைப்புறத்துச் சேம்பின் இலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன்மேல் விழுந்த நீர், முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். இலை அசைந்தால் உருண்டோடும். இலையை மட்டும் நனைக்காது. அதே நீர் நன்கு கழுவிய கண்ணாடித் தட்டில் விழுந்தாலோ பரவிப் படிந்துவிடும். பால்மரத் தோட்டங்களில் உழைத்த பெரியோர் இதனை வேறொரு வகையில் அறிவர். இரவு மழையில் பட்டை நனைந்துவிட்டால் மறுநாள் காலையில் பால்வெட்டு இல்லை. காய்ந்த பட்டையில் வெட்டுக்கோட்டின் வழியே ஒழுங்காக இறங்கி மங்கில் சேரும் பால், நனைந்த பட்டையில் கோட்டை விட்டு விலகிப் பரவி வழிந்து வீணாகும். பால் அதே பால்தான். பட்டையின் மேற்பரப்புத்தான் மாறிவிட்டது.

ஒரு நீர்மம் ஒரு பரப்பை நனைப்பதும் நனையாமல் விடுவதும் எதனால்? இக்கேள்விக்கு முதன்முதலில் தெளிவான விடை கண்டவர் தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர். ஒளி என்பது அலை என்று சோதனையால் காட்டியவரும் அவரே. இவ்விரண்டு செயல்களையும் அவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்தார். ஆயினும் அவ்விரண்டும் அவர் கையில் ஒன்றாகச் சேரவில்லை. ஒளியைக் கொண்டே நீரைப் பரவச் செய்யலாம் என்னும் உண்மை, அவர் மறைந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே வெளிப்பட்டது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே காண்போம்.

தாமஸ் யங் 1773ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் மாவட்டத்து மில்வெர்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தையார் துணி வாணிகம் செய்தவர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் எளிய வாழ்வினரான கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை யங் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் கழித்தார். இரண்டு வயதிலேயே தடையின்றிப் படிக்கக் கற்றார். நான்கு வயதுக்குள் விவிலிய நூலை முதலிலிருந்து இறுதிவரை இருமுறை படித்து முடித்தார். நம்புவதற்கு அரிதாயினும் இது வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொண்ட செய்தியாகும்.

உண்டுறைப் பள்ளியில் படித்தபோது அங்கிருந்த உதவியாசிரியர் ஒருவர் இச்சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு தம்மிடமிருந்த நூல்களைக் கொடுத்து உதவினார். கடைசல் வேலையும் தொலைநோக்கி செய்யும் முறையும் கற்றுக்கொடுத்தார். பெரிய பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர் அவர். சிறிய பள்ளியின் துணையாசிரியர். யங்கின் பிற்காலச் சோதனைகளில் காணப்படும் கைத்திறனுக்கு வித்திட்டவர் அவரே என்று சொல்லலாம். பதினான்கு வயதிற்குள் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம், எபிரேயம் முதலிய மொழிகளை யங் கற்றிருந்தார். அரபு, பாரசீகம் ஆகியவற்றிலும் கை வைத்திருந்தார்.

இலண்டனில் புகழ்பெற்ற மருத்துவராயிருந்த அவருடைய உறவினர் ரிச்சர்டு பிராக்கில்ஸ்பி, தாயாரின் தாய்மாமன் முறையினர். யங்கும் மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பப்படியே யங் இலண்டனிலும், பின்னர் ஸ்காத்லாந்தின் எடின்பரோவிலும், ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் மருத்துவம் பயின்றார். 1796ஆம் ஆண்டில் கோட்டிங்கனில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன் பிறகும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடன் பயின்றோர் அவருக்கு அதிசய யங் என்று பட்டப்பெயர் வைத்தனர். பாராட்டும் சிறிது கேலியும் அதில் கலந்திருந்தன போலும்.

மாணவராயிருந்த காலத்திலேயே ஒரு மாட்டுக் கண்ணை அறுத்துச் சோதித்து, அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் பார்க்கக் கண் எவ்வாறு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று 1793ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணின் வில்லையே வடிவம் மாறுகிறது என்பது அதன் முடிவு. மறு ஆண்டு, தம் இருபத்தொன்றாம் வயதில், இலண்டன் வேந்தர் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கண்ணின் வெளிப்புறத் தோல் அம்மாற்றத்துக்குக் காரணமாகலாம் என்று சிலர் வாதிட்டபோது, அவர் குளிர்ந்த நீர் நிரம்பிய ஒரு சிறு குழலைத் தம் கண்மீதே பொருத்திப் பார்த்தார். நீர் தொட்டிருக்கும்போது வெளிப்புறத் தோலின் வளைவு பயனற்றுப் போகும். அப்போதும் அவர் கண் தொலைவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. வாதம் அத்துடன் முடிந்தது. தம் உடம்பையே சோதனைக் கூடமாக்கிக்கொண்ட அவருடைய துணிவைப் பாருங்கள்! நீரும் ஒளியும் அவரிடத்தில் முதன்முதலாக அடுத்தடுத்து நின்றது அந்தச் சோதனையில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1797ஆம் ஆண்டின் இறுதியில் பிராக்கில்ஸ்பி இறந்தார். தம் இலண்டன் வீட்டையும் நூல்களையும் பத்தாயிரம் பவுன் பணத்தையும் யங்குக்கு விட்டுச் சென்றார். அதனால் யங்குக்கு வறுமை என்பது தெரியாமலே போயிற்று. ஆனால் வேறொரு துன்பம் காத்திருந்தது.

அக்காலத்தில் ஒளியைப் பற்றிய கல்வியில் சர் ஐசக் நியூட்டனின் கருத்தே கோலோச்சியது. ஒளி என்பது மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் கொண்டிருந்தார். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இங்கிலாந்தில் அவரை மறுத்துப் பேச எவரும் துணியவில்லை. யங் துணிந்தார். 1801ஆம் ஆண்டு அவர் இலண்டன் வேந்தர் நிலையத்தில் பேராசிரியரானார். இது மேலே சொன்ன வேந்தர் கழகம் அன்று; பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு நடத்துவதற்காக அமைந்த வேறொரு நிலையம். அங்கே அவர் 91 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அப்போது அவர் தண்ணீர் நிரப்பிய ஒரு தட்டையான தொட்டியில் அலைகளை எழுப்பிக் காட்டினார். குளத்தில் இரண்டு கற்களைச் சற்று இடைவிட்டு எறிந்தால் இரண்டு வட்ட அலைகள் கிளம்பி ஒன்றையொன்று சந்திக்கும். மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் அலை பெரிதாகும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்திலோ நீர் அசையாது நிற்கும். ஒளியும் அலையாயின், ஒளியோடு ஒளி சேர்ந்த இடத்தில் இருள் பிறக்க வேண்டும். இது யங்கின் வாதம்.

இதற்குக் கடலிலிருந்தும் அவர் ஒரு சான்று காட்டினார். வியட்நாமுக்கு வடகிழக்கேயுள்ள டோங்கிங் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கடலின் ஏற்றவற்றம் வழக்கத்துக்கு மாறாக நடப்பதுண்டு. சில நாட்களில் நீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இரண்டு வழிகளில் வரும் ஏற்றங்கள் காலம் மாறி வந்து ஒன்றையொன்று அழிப்பதே காரணம் என்று விளக்கியவர் யார் தெரியுமா? நியூட்டனேதான்! நியூட்டன் கடலில் கண்டதை யங் ஒளியில் கண்டார்.

சொல்லோடு அவர் நிற்கவில்லை. சாளரப் பலகையில் இட்ட சிறு துளை வழியே ஒரு சூரியக் கதிரை இருட்டறைக்குள் செலுத்தினார். ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைக் கீற்றை அக்கதிரின் நடுவே பிடித்தார். அட்டையின் நிழலுக்குள் வெளிச்சமும் இருளுமாக வரிகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்கத்து ஒளி தடையின்றி வந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்தன. இரண்டு பக்கத்து ஒளியும் சேர்ந்தால்தான் வரிகள் உண்டு என்பது ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது. அந்த அலைகளின் நீளத்தையும் அவர் கணக்கிட்டார். சிவப்பு ஒளியின் கடைக்கோடியில் ஓர் அங்குலத்திற்குள் ஏறத்தாழ 37,000 அலைகளும், ஊதாவின் கடைக்கோடியில் ஏறத்தாழ 60,000 அலைகளும் அடங்கும் என்பது அவர் கண்ட கணக்கு. இன்றைய கருவிகளால் அளந்தாலும் பெரிதும் மாறாத கணக்கு அது.

அதே 1803ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு சோதனை நம் கதைக்கு இன்றியமையாதது. ஊதா நிறத்துக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளி உண்டு என்பதை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ரிட்டர் என்பார் கண்டுபிடித்திருந்தார். புற ஊதாக் கதிர் என்று நாம் இன்று சொல்வது அதுதான். அதுவும் அலைதானா என்று அறிய யங் விரும்பினார். கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு பார்ப்பது? வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தாளைத் தோய்த்தெடுத்து, அத்தாளின்மேல் அந்தக் கதிரை விழச் செய்தார். ஒரு மணி நேரத்திற்குள் தாளின்மேல் கரிய வளையங்கள் தோன்றின. காணாத ஒளியும் அலையே என்று அவ்வளையங்கள் கூறின. ஒளி பட்டால் ஒரு பொருளின் மேற்பரப்பு மாறும் என்பதையும் அவை கூறின. ஆனால் அன்று யங்கின் எண்ணமெல்லாம் அலையின்மேல் இருந்தது.

இத்தகைய அரிய கண்டுபிடிப்புக்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? எடின்பரோவிலிருந்து வெளிவந்த ஒரு பெரிய காலாண்டு விமரிசன ஏட்டில், பெயரிடாமல் எழுதிய ஒருவர், யங்கின் கட்டுரைகளை ஏளனம் செய்தார். அவற்றில் அறிவுக்கு ஒத்தது ஒன்றுமில்லை என்றும், நியூட்டனை மறுப்பது பெரும் பிழை என்றும் சாடினார். எழுதியவர் ஹென்றி புரூம் என்னும் வழக்கறிஞர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை நீதியமைச்சராகவே உயர்ந்தவர். யங் 1804ஆம் ஆண்டில் மறுப்பு நூல் ஒன்றைத் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அது ஒரே ஒரு படிதான் விற்றதாம். மக்கள் நகைப்பை வாங்கிப் படித்தார்கள், விளக்கத்தை வாங்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தில் அலைக் கொள்கையை எவரும் பொருட்படுத்தவில்லை.

இதில் யங்கின் குறையும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவருக்கு எதுவும் எளிதாக விளங்கியது. ஆகையால் பிறருக்கும் அவ்வாறே விளங்கும் என்று எண்ணிவிட்டார். பத்து வரி தேவைப்படும் இடத்தில் ஒரு வரி எழுதுவார். இடைப்படிகளைத் தாண்டிப் போய்விடுவார். அவர் பேசியபோது கேட்போர் களைத்துப் போனார்கள். அதே நிலையத்தில் ஹம்ஃப்ரி டேவி பேசினால் மண்டபம் நிரம்பி வழியும். யங் 1803ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டு விலகினார். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லிப் பழகியோர்க்கு இச்செய்தி உள்ளத்தில் தைக்கும்.

விலகியதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அவர் தொழிலால் மருத்துவர். மருத்துவர் ஒருவர் ஒளி, அலை, துளி என்று அலைந்துகொண்டிருந்தால் நோயாளிகள் அவரை நாடுவார்களா என்று அஞ்சினார். ஆகவே பிற்காலத்தில் பல கட்டுரைகளைத் தம் பெயரின்றியே வெளியிட்டார். 1804ஆம் ஆண்டில் எலிசா மாக்ஸ்வெல் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

அவ்வாண்டின் முடிவில், டிசம்பர் 20ஆம் நாள், அவர் எழுதிய ஒரு கட்டுரை வேந்தர் கழகத்தில் படிக்கப்பட்டது. நீர்மங்களின் ஒட்டும் தன்மையைப் பற்றியது அது. 1805ஆம் ஆண்டில் அச்சேறியது. எள்ளலுக்கு ஆளாகி மனம் நொந்திருந்த நாட்களில் எழுதியது. நம் சேம்பிலைத் துளியின் விளக்கம் அதிலேதான் இருக்கிறது.

யங் சொன்னதைச் சற்று விரித்துக் கூறுவோம். நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல எப்போதும் சுருங்கப் பார்க்கும். இதனைப் பரப்பு இழுவிசை என்பர். துளி உருண்டையாவது இதனால்தான். துளி ஒரு பரப்பின்மேல் அமர்ந்தால் அதன் விளிம்பில் மூன்று இழுவைகள் சந்திக்கின்றன. பள்ளி விளையாட்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டியைப் போல இதனை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கட்சிகள் மூன்று. இன்னும் நனையாத உலர்ந்த பரப்பு, துளியின் விளிம்பை வெளிப்புறமாக இழுக்கிறது. நீருக்கு அடியிலுள்ள, நனைந்த பரப்பின் எல்லை உட்புறமாக இழுக்கிறது. நீரின் மேல்தோல், துளியின் சரிவு வழியே சாய்வாக உட்புறம் இழுக்கிறது. மூன்றும் சமநிலைக்கு வரும் இடத்தில் விளிம்பு நின்றுவிடும். அப்போது துளியின் சரிவு பரப்போடு ஒரு கோணத்தை உண்டாக்கும். அதுவே தொடுகோணம்.

யங் கண்ட உண்மை என்னவெனில், ஒரு குறிப்பிட்ட திடப்பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட நீர்மத்துக்கும் இக்கோணம் எப்போதும் ஒன்றே. துளி சிறியதாயினும் பெரியதாயினும், பாத்திரம் அகன்றதாயினும் குறுகியதாயினும் அது மாறுவதில்லை. கோணம் சிறிதானால் நீர் பரவி நனைக்கும். பெரிதானால் திரண்டு நிற்கும். துப்புரவான கண்ணாடியில் நீரின் கோணம் மிகச் சிறியது. மெழுகு பூசிய பரப்பில் அது செங்கோணத்தையும் தாண்டும். கண்ணாடிமேல் பாதரசம் ஏறத்தாழ 140 பாகைக் கோணத்தில் குண்டுமணிபோல் நிற்கும்.

வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டை நன்றாகக் கழுவி உலர்த்தி, அதன் பாதியில் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்த்து, இரு பாதியிலும் ஒவ்வொரு துளி நீரை விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பு கையைக் கிழிக்கும். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

வழக்கம்போல யங் இதனையும் படமின்றி, சமன்பாடின்றி, வெறும் சொற்களாலேயே எழுதிவிட்டார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், துளிகளையும் நுண்குழல்களையும் பற்றி விரிவான கணக்குகளோடு எழுதினார். உலகம் அதைப் படித்தது. தம் கட்டுரையை லாப்லாஸ் உரியவாறு குறிப்பிடவில்லை என்று யங் வருந்தினார். இன்று அறிவியல் நூல்களில் இருவர் பெயரையும் இணைத்தே ஒரு சமன்பாடு வழங்குகிறது. தொடுகோணத்தின் சமன்பாடு யங் பெயரால் மட்டும் வழங்குகிறது.

1807ஆம் ஆண்டில் தம் சொற்பொழிவுகளை அவர் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதன் பின்னர் மருத்துவத்தில் ஊன்றினார். 1811ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் மருத்துவரானார்.

இனி ஓர் இனிய நிகழ்ச்சி. பிரான்சு நாட்டில் ஃபிரெனெல் என்னும் இளம் பொறியாளர், யங் செய்ததை அறியாமலே, ஒளி அலையே என்று சோதனையால் கண்டார். அவருக்குத் துணை நின்ற அராகோ என்னும் வானியலார், 1816ஆம் ஆண்டில் மற்றோர் அறிஞருடன் இங்கிலாந்து வந்தபோது, கடற்கரையூராகிய வொர்திங்கில் யங்கைச் சந்தித்தார். தம் நண்பரின் புதிய கண்டுபிடிப்பை அராகோ மிகவும் புகழ்ந்தார். அது தாம் 1807ஆம் ஆண்டு நூலிலேயே வெளியிட்டதுதான் என்றார் யங். அராகோ நம்பவில்லை. பேச்சு நீண்டது. திருமதி யங் அமைதியாக எழுந்து உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கனத்த நூல் இருந்தது. ஒன்றும் பேசாமல் அதனை மேசைமேல் வைத்து, உரிய பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த படத்தை விரலால் சுட்டிக்காட்டினார். கணவர் பலமுறை எழுதியும் உலகுக்கு உணர்த்த முடியாததை அந்த அம்மையார் ஒரு விரலால் உணர்த்திவிட்டார்!

ஃபிரெனெல் பெருந்தன்மையுடையவர். முதன்மை யங்குக்கே உரியது என்று ஒப்புக்கொண்டார். இருவரும் பகையின்றி மடல் எழுதிக்கொண்டனர். ஒளியின் அலை, கயிற்றை உதறினால் எழும் அலைபோலக் குறுக்காக அதிர்வதாகலாம் என்னும் எண்ணத்தை யங் 1817ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அராகோவுக்கு எழுதினார். ஃபிரெனெல் அதனை முழுமையாக நிறுவினார். புரூமின் ஏளனம் அதன்பின் எடுபடவில்லை.

யங்கின் பிற பணிகளையெல்லாம் எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. எகிப்து நாட்டு ரொசெட்டாக் கல்லில் பொறித்த பழைய எழுத்துகளைப் படிக்க முயன்று, 1819ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அப்பணியை வெற்றியாக முடித்தார். ஏறத்தாழ 400 மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு எழுதிய ஒரு மதிப்புரையில், இந்தோ ஐரோப்பியம் என்னும் மொழிக்குடும்பப் பெயரை 1813ஆம் ஆண்டில் முதன்முதல் வழங்கியவரும் அவரே. மாலுமிகளுக்கான வானியல் பஞ்சாங்கத்தையும் 1818 முதல் மேற்பார்த்தார்.

1829ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றியது. அப்போது அவர் பழைய எகிப்து மொழிக்கு ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். பேனாவைப் பிடிக்கக் கையில் வலுவில்லை; பென்சிலால் எழுதினார். அவ்வாண்டு மே திங்கள் 10ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55. கெண்ட் மாவட்டத்து ஃபார்ன்பரோ ஊர்த் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அவருடைய ஒளியலைக் கொள்கையையும் எகிப்திய எழுத்தாராய்ச்சியையும் அக்கல் போற்றுகிறது. நீர்த்துளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் துளி காத்திருந்தது.

வெள்ளைச் சாயத்துக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் தூள். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஜப்பானில் ஃபுஜிஷிமா என்னும் ஆராய்ச்சி மாணவர், 1967ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் ஹோண்டாவின் கீழ்ப் பணியாற்றியபோது, இப்பொருளின் படிகத்தை நீரில் வைத்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினார். நீரிலிருந்து குமிழிகள் எழுந்தன. ஒளி நீரைப் பிரித்துக்கொண்டிருந்தது! 1972ஆம் ஆண்டில் அச்செய்தி உலகறிய வெளிவந்தது. பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஃபுஜிஷிமாவும் ஹஷிமோட்டோவும் அவர்தம் குழுவினரும் அதே பொருளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் பூசி ஆராய்ந்தனர். 1997ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவதாகும். அப்படலத்தின்மேல் நீர்த்துளி 72 பாகைத் தொடுகோணத்தில் திரண்டு நின்றது. புற ஊதாக் கதிரை அதன்மேல் விழச் செய்தனர். கோணம் சுருங்கிச் சுருங்கிச் சுழியானது. துளி என்பதே இல்லாமல் நீர் ஒரே விரிப்பாகப் பரவியது. கண்ணாடியை இருட்டில் வைத்தால் நாளடைவில் பழைய நிலைக்குத் திரும்பியது. மீண்டும் கதிர் பட்டால் மீண்டும் நனைந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? கதிர் பட்டதும் அப்பொருளுக்குள் கட்டுண்டிருந்த மின்னணுக்கள் விடுபடுகின்றன. அதனால் மேற்பரப்பின் சில இடங்கள் நீரைப் பற்றிக்கொள்ளும் தன்மை பெறுகின்றன. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துள்ள எண்ணெய்ப் பசையையும் கதிரின் துணையால் அப்பொருள் சிதைத்துவிடுகிறது. இவ்விரண்டில் எதன் பங்கு பெரிது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், யங் சொன்ன மூன்று கட்சிகளில் உலர்ந்த பரப்பின் கட்சிக்கு வலிமை கூடிவிடுகிறது; ஆகவே விளிம்பு வெளியே இழுபடுகிறது.

இப்படலம் பூசிய கண்ணாடி பனித்தாலும் மங்குவதில்லை. மூச்சை ஊதினாலும் அதில் சிறு சிறு துளிகள் நில்லாமல், நீர் தெளிந்த படலமாகிவிடும். மகிழுந்துகளின் பக்கக் கண்ணாடிகளிலும், உயர்ந்த கட்டடங்களின் சாளரங்களிலும், சுவர் ஓடுகளிலும் இதனைப் பயன்படுத்துகின்றனர். வெயில் அழுக்கைச் சிதைக்கும். மழை அதனைத் திரட்டி எடுத்துக்கொண்டு வழிந்தோடும். வெயிலுக்கும் மழைக்கும் நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை!

2000ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த வேறொரு குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். ஒளி பட்டால் வளைந்து, வேறு நிற ஒளி பட்டால் நிமிரும் அசோபென்சீன் என்னும் மூலக்கூறுகளை ஒரு பரப்பின்மேல் அடுக்கினர். அதன்மேல் ஒலிவ எண்ணெய்த் துளி ஒன்றை வைத்து, புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் கொண்டு துளியின் ஒரு பக்கத்துக் கோணத்தையும் மறுபக்கத்துக் கோணத்தையும் வேறுபடுத்தினர். துளியைத் தொட்டவர் எவரும் இல்லை. பரப்பைச் சாய்த்தவரும் இல்லை. இரு பக்கத்து இழுவையும் சமமாக இல்லாமையால், அத்துளி மெல்ல நகர்ந்து ஒளி காட்டிய பக்கம் சென்றது.